உதுமானிய வரலாற்றேடுகளும் அரியணைக்கான தாயாதிப் போரும்

உதுமானிய அரசின் முதல் இருநூறு ஆண்டுகளில் அரியணை எப்படிக் கைமாறியது என்பதற்கு, அவர்களுடைய பழைய வரலாற்றேடுகளே பெரும்பாலும் நம் கையில் உள்ள ஆதாரம். அந்த ஏடுகள் சொல்வதை அப்படியே ஏற்பதா, வென்ற இளவரசனுக்காக எழுதிய புகழ்ச்சி என்று ஒதுக்குவதா என்பதே இங்கு எழுப்பப்பட்ட கேள்வி. இரண்டு வழியுமே நம்மைத் தவறான இடத்துக்கு இட்டுச் செல்லும் என்பது என் கருத்து. இந்த ஏடுகளில் வரும் ஓர் அரியணையேற்றக் காட்சி, அது நடந்ததாகச் சொல்லப்படும் ஆண்டைப் பற்றிச் சாட்சி சொல்வதற்கு முன்பே, அது எழுதப்பட்ட ஆண்டைப் பற்றிச் சாட்சி சொல்லிவிடுகிறது. முதலில் அந்தச் சாட்சியைக் கேட்டுக்கொண்டு, பிறகு சாசனம், நாணயம், அயலார் எழுத்து ஆகியவற்றோடு உரசிப் பார்த்தால், பழைய நிகழ்வைப் பற்றியும் கணிசமாகவே தெரிந்துகொள்ளலாம்.

முதலில் காலக் கணக்கைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. அரச மரபின் மூலவரான உஸ்மான் 1324ஆம் ஆண்டையொட்டி இறந்தார். நமக்குக் கிடைக்கும் முதல் உதுமானிய வரலாற்றுப் பகுதியோ, கவிஞர் அஹ்மதி அலெக்சாந்தரைப் பற்றி எழுதிய நெடுங்கவிதையின் இறுதியில், 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வருகிறது. அதன் பிறகும் நீண்ட இடைவெளிதான். 1450களின் இறுதியில் ஷுக்ருல்லா பாரசீகத்தில் எழுதினார். 1465இல் என்வெரி துருக்கிய மொழியில் செய்யுளாக எழுதினார். இன்று நாம் முதன்மையாகப் பயன்படுத்தும் ஆஷிக்பாஷாசாதே, நெஷ்ரி, எதிர்னே நகரத்து ஓருச் ஆகியோரின் உரைநடை ஏடுகளும், எழுதியவர் பெயர் தெரியாத ஏடுகளும் பெரும்பாலும் இரண்டாம் பாயெசீதின் ஆட்சியில், அதாவது 1481க்குப் பிறகே இன்றைய வடிவத்தை அடைந்தன. ஆகவே உஸ்மானின் மரணத்தை வருணிப்பவருக்கும் அந்த மரணத்துக்கும் இடையே ஏறத்தாழ 160 ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த 160 ஆண்டுகளுக்குள் பதினோராண்டுக் காலத் தாயாதிப் போர் ஒன்றும், பல சகோதரக் கொலைகளும், ஓர் இளவரசனின் ஐரோப்பியச் சிறைவாசமும் அடங்கும்.

இடைவெளியைக் கடக்கும் ஒரு மெல்லிய பாலம் உண்டு. 1413இல், முதலாம் மெஹ்மெத் தன் சகோதரன் மூசாவை எதிர்த்துப் படை நடத்திச் சென்றபோது, தான் நோயுற்றுக் கெய்வே என்னும் ஊரில் தங்கிவிட்டதாக ஆஷிக்பாஷாசாதே எழுதுகிறார். அவர் தங்கியது யாஹ்ஷி ஃபகீஹ் என்பவரின் வீட்டில். யாஹ்ஷி ஃபகீஹின் தந்தை, உஸ்மானின் மகனான ஓர்ஹானுக்குத் தொழுகை நடத்திவைத்த இமாம். அந்த வீட்டில்தான், முதலாம் பாயெசீத் காலம் வரையிலான செய்திகள் அடங்கிய ஒரு தொகுப்பு ஆஷிக்பாஷாசாதேயின் கைக்கு வந்தது. தனியாக அந்தத் தொகுப்பு இன்று இல்லை. ஆஷிக்பாஷாசாதேயின் நூலுக்குள் கரைந்துதான் கிடைக்கிறது. இந்தச் செய்தியில் பலரும் கவனிக்காமல் கடக்கும் ஒன்று, அந்த ஆண்டு. பாயெசீதின் மக்களில் கடைசி இருவர் ஒருவரையொருவர் அழிக்கப் புறப்பட்ட அதே மாதங்களில், ஓர் இளைஞர் ஓர்ஹான் காலத்து நினைவுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அரியணை விதி என்று எதுவும் அன்று இல்லை. மூத்தவனுக்கே பட்டம் என்ற மரபோ, தந்தை அறிவித்தவனுக்கே பட்டம் என்ற கட்டாயமோ துருக்கிய, மங்கோலிய அரசுகளில் உறுதிப்படவில்லை. ஆட்சி என்பது குடும்பம் முழுவதற்கும் இறைவன் அளித்த பேறு. அக்குடும்பத்து ஆண்களில் எவன் அதை அடைகிறானோ அவனுக்கே இறைவன் அளித்தான் என்று பொருள். அதனால் வெற்றியே சான்றாகியது. அண்டை அரசுகள் இந்தச் சிக்கலைப் பங்கு பிரித்துத் தீர்த்தன. ஏஜியன் கடற்கரையை ஆண்ட ஆய்தின் மரபில் தந்தை மெஹ்மெத் பே தம் மக்களுக்கு ஊர்களைப் பிரித்துக் கொடுத்தார். இஸ்மிர் உமூருக்குச் சென்றது. உதுமானியர் மட்டும் தலைமுறைதோறும் நிலத்தை ஒரே கையில் வைத்திருந்தார்கள். ஒரு கையில் வைக்க வேண்டுமானால் மற்றக் கைகளை என்ன செய்வது என்ற கேள்விதான் இந்த வரலாற்றேடுகள் முழுவதிலும் அடியில் ஓடுகிறது.

அக்கேள்விக்கு ஆஷிக்பாஷாசாதே தரும் மிக அழகான விடை, உஸ்மானின் மரணத்துக்குப் பிந்திய காட்சி. ஓர்ஹானும் அவருடைய சகோதரர் அலாவுத்தீனும் பெரியோர் முன்னிலையில் கூடித் தந்தை விட்டுச்சென்றதைக் கணக்கிடுகிறார்கள். பொன்னும் இல்லை, வெள்ளியும் இல்லை. ஒரு புது அங்கி, குதிரைக்கான கவசம், உப்புக் குடுவை ஒன்று, கரண்டிகள் வைக்கும் உறை ஒன்று, ஒரு சோடி நெடுங்காலணிகள், சில நல்ல குதிரைகள், சில ஆட்டு மந்தைகள் ஆகியவை மட்டுமே இருக்கின்றன. நாடு உனக்கே உரியது, அதற்கு ஒரு மேய்ப்பன் வேண்டும், குதிரையும் ஆடும் அந்த அரசனின் பந்திக்கே தேவைப்படும், ஆகவே நாம் பிரித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்கிறார் அலாவுத்தீன். அப்படியானால் நீயே மேய்ப்பனாக இரு என்கிறார் ஓர்ஹான். தந்தையின் வாழ்த்து உன்னோடு இருக்கிறது, அவர் உயிரோடிருந்தபோதே படையை உன்னிடம் ஒப்படைத்தார் என்று மறுத்துவிட்டு, ஒரு கிராமத்தை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு அலாவுத்தீன் விலகுகிறார்.

இந்தக் காட்சியை அரண்மனைப் புகழ்ச்சி என்று சொல்லிவிட முடியாது. இதை எழுதியவர் 1480களில், தன் வாழ்நாளில் பல இளவரசர்கள் கழுத்து நெரிக்கப்பட்டதைக் கண்ட முதியவர். அந்தக் காலத்தில் சகோதரர்கள் ஒருவரோடொருவர் கலந்து பேசுவார்கள், ஒருவரையொருவர் கொல்ல மாட்டார்கள் என்ற கருத்தை, நேரடியாகக் குற்றம் சாட்டாமல், ஓர் உப்புக் குடுவையையும் ஆட்டு மந்தையையும் காட்டிச் சொல்லிவிடுகிறார். அதே வேளையில் அரச மரபின் மையக் கொள்கையையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்: நாடு பிரிக்கப்படவில்லை. பங்கு கேட்காத சகோதரன் இருந்தால் கொலை தேவைப்படாது என்பதே அவருடைய வாதம். கண்டிப்பும் ஒப்புதலும் ஒரே கதைக்குள் இருப்பதால்தான் இதைப் படிப்பவர்கள் பெரும்பாலும் ஒன்றைப் பார்த்து மற்றதைத் தவறவிடுகிறார்கள்.

இனிச் சாசனத்துக்கு வருவோம். ஓர்ஹான் 1324இல் மெகெஜே என்னும் இடத்தில் தர்வேஷ்கள் எனப்படும் சூஃபித் துறவிகளின் விடுதி ஒன்றுக்கு நிலம் வழங்கிய வக்ஃபுச் சாசனம், அதாவது அறக்கொடைச் சாசனம், பாரசீக மொழியில் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதன் சாட்சிகள் பட்டியலில் உஸ்மானின் மக்களாகச் சோபான், மெலிக், ஹமீத், பசார்லு என்னும் நால்வரும் ஃபாத்திமா என்னும் மகளும் இடம்பெறுகிறார்கள். வரலாற்றேடுகள் நமக்கு இரு சகோதரர்களை மட்டும் அறிமுகப்படுத்தி, அவர்களை எதிரெதிரே அமர்த்தி உரையாட வைக்கின்றன. சாசனமோ ஒரு பெரிய குடும்பத்தையே நம் முன் நிறுத்துகிறது. அதே பட்டியலில் உமர் பே மகள் மால் ஹாத்தூன் என்ற பெயரும் உண்டு. ஆஷிக்பாஷாசாதேயின்படி, ஓர்ஹானின் தாயான மால்ஹுன், ஷேக் எதெபாலியின் மகள். ஷேக்கின் நெஞ்சிலிருந்து எழுந்த நிலவு உஸ்மானின் நெஞ்சில் புக, அவருடைய உந்தியிலிருந்து உலகுக்கே நிழல் தரும் மரம் முளைத்ததாக வரும் புகழ்பெற்ற கனவுக் கதை இந்தத் திருமணத்தின் மீதுதான் கட்டப்பட்டிருக்கிறது. பெயர் தெரியாத ஏடுகள் சிலவற்றில் கனவு கண்டவர் உஸ்மானே அல்லர், அவருடைய தந்தை எர்துக்ருல். கனவுக்குப் பொருள் சொன்னவரும் வேறொருவர். அரச மரபுக்கு இறையருள் உண்டு என்பதில் எல்லா ஏடுகளும் ஒத்துப்போகின்றன. எந்தச் ஷேக்கின் வழியாக வந்தது என்பதில்தான், அந்தந்த ஏட்டை எழுதியவரின் சார்பு வெளிப்படுகிறது. ஆஷிக்பாஷாசாதே தாமே ஒரு தர்வேஷ் குடும்பத்தவர் என்பதை மறந்துவிடக் கூடாது.

அலாவுத்தீன் கதைக்கு நேர் எதிரான ஒன்றை நெஷ்ரி பதிவு செய்கிறார். எர்துக்ருல் இறந்த பிறகு சிலர் உஸ்மானையும் சிலர் அவருடைய சிற்றப்பா துந்தாரையும் தலைவராக்க விரும்பினார்கள், துந்தார் விட்டுக்கொடுத்தார், பின்னர் ஒரு படையெடுப்புத் திட்டத்தை அவர் எதிர்த்தபோது உஸ்மான் அவரை அம்பெய்து கொன்றார் என்கிறது அந்த ஏடு. ஆஷிக்பாஷாசாதேயில் இந்தக் கொலை இல்லை. அரச மரபைப் புகழ வந்தவர் இப்படியொரு கறையைத் தானாகக் கற்பனை செய்து மூலவர் மீது பூசியிருப்பார் என்பதை விட, வாய்மொழியில் இருந்ததை ஒருவர் விட்டுவிட, மற்றவர் சேர்த்துக்கொண்டார் என்று கொள்வதே எனக்கு இயல்பாகப் படுகிறது. ஆனால் 1490களில், சகோதரனை வென்று ஆண்ட ஒரு சுல்தானின் காலத்தில், தாயாதியைக் கொல்வது மூலவர் காலத்திலேயே தொடங்கிய வழக்கம் என்று ஒரு முன்னுதாரணம் கிடைப்பது யாருக்கும் இடைஞ்சலாக இருந்திருக்காது.

முதலாம் முராதின் மகன் சாவ்ஜி, பைசந்திய இளவரசன் அந்த்ரோனிகோஸுடன் சேர்ந்து கிளர்ந்தெழுந்து அழிந்ததை விரிக்க வேண்டியதில்லை. 1389 கொசோவோப் போர்தான் முக்கியமானது. முராத் போர்க்களத்தில் கொல்லப்பட, பாயெசீத் அங்கேயே அரசராக்கப்பட்டார். இன்னொரு மகனான யாகூப் பகைவரைத் துரத்திக்கொண்டிருந்தார். தந்தை அழைக்கிறார் என்று சொல்லி அவரை வரவழைத்துக் கொன்றார்கள். இதை ஆஷிக்பாஷாசாதே சில வரிகளில் முடித்துவிடுகிறார். ஆனால் அன்றிரவு படைக்குள் பெரும் கலக்கம் ஏற்பட்டது என்றும் சேர்க்கிறார். கொன்றவனைப் பழிக்காமல், கொலை எப்படி ஏற்கப்பட்டது என்பதை மட்டும் சொல்லும் அந்த ஒரு வாக்கியத்துக்கு, பக்கக் கணக்கில் எழுதிய கண்டனத்தை விட எடை அதிகம். பாயெசீதைப் பற்றி இந்த ஏடுகள் பின்னால் சொல்வதெல்லாம், அதாவது மது, செர்பிய மனைவி, அமைச்சர் அலி பாஷாவின் கெட்ட வழிகாட்டல், கருவூலம் சேர்க்கும் ஆசை என்பவை, 1402 ஜூலையில் அங்காராவில் தைமூரிடம் அவர் அடைந்த தோல்விக்கு முன்கூட்டியே அடுக்கப்பட்ட காரணங்கள்.

அங்காராவுக்குப் பின் வந்த பதினோரு ஆண்டுகளே உதுமானிய வரலாற்றெழுத்தின் உண்மையான பிறப்பிடம் என்று நான் கருதுகிறேன். பாயெசீத் 1403 மார்ச்சில் சிறையிலேயே இறந்தார். மூத்தவரான சுலைமான் ஐரோப்பியப் பகுதியைப் பிடித்துக்கொண்டு, 1403இல் பைசந்தியருடனும் வெனிஸ் முதலிய அரசுகளுடனும் உடன்படிக்கை செய்து, தெசலோனிக்கி நகரைத் திருப்பிக் கொடுத்தார். ஆசியப் பகுதியின் முதன்மை நகரான பூர்சாவுக்காக மற்றச் சகோதரர்கள் ஈசாவும் மெஹ்மெதும் மோதினார்கள். பிறகு மூசா களத்துக்கு வந்தார். ஒவ்வொருவருக்கும் படையும் அமைச்சரும் தேவைப்பட்டது போலவே எழுதுபவரும் தேவைப்பட்டார். அஹ்மதியின் வரலாற்றுப் பகுதி சுலைமானை மனத்தில் வைத்து எழுதப்பட்டு அவரோடு முடிகிறது. சமயப் போராளி என்பவன் இறைவனின் துடைப்பம், அவனே இறைவனின் வாள் என்று அதில் வரும் வரிகளை வைத்து, உதுமானிய அரசே சமயப் போரால் உருவானது என்று 1930களில் பால் விட்டெக் வாதிட்டார். அந்த வரிகள் கிறிஸ்தவ அரசுகளோடு உடன்படிக்கை செய்துகொண்டிருந்த ஓர் இளவரசனுக்கு அறிவுரையாக எழுதப்பட்டவை என்பதைச் சேர்த்துப் படித்தால், அவற்றின் நிறம் மாறிவிடுகிறது.

வென்றவர் மெஹ்மெத் என்பதால், அவருடைய தரப்பில் எழுதப்பட்ட ஏடு முழுமையாகத் தப்பியது. சுல்தான் மெஹ்மெதின் நிலைமைகளும் செயல்களும் என்று பொருள்படும் தலைப்புடைய அந்த உரைநடைக் கதை, தனி நூலாகக் கிடைக்காவிட்டாலும், நெஷ்ரியின் நூலுக்குள்ளும் ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ஒரு பெயரற்ற கையெழுத்துப் படிக்குள்ளும் பொதிந்திருக்கிறது. அது மெஹ்மெதின் சொந்த அரசவையில் உருவானது என்பதை வாசிக்கும்போதே உணரலாம். அமாஸ்யா, தோகாத் வட்டாரக் குறுந்தலைவர்களை அவர் ஒவ்வொருவராக அடக்கும் கதைகள் ஒரு வீரகாவியத்தின் அத்தியாயங்களைப் போல வருகின்றன. சகோதரர்களோடு மோதும்போது அவர் ஒருபோதும் முதலில் கை ஓங்குவதில்லை. அரசின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவைப் பிரித்துக்கொள்ளலாம் என்று ஈசாவுக்குத் தூது அனுப்புகிறார். நானே மூத்தவன் என்று ஈசா மறுக்கிறார். அதன் பிறகு நடக்கும் எல்லாவற்றுக்கும் ஈசாவே பொறுப்பாகிறார்.

மூசாவைப் பற்றி அந்த ஏடு சொல்வதை நாணயத்தோடு ஒப்பிடலாம். மெஹ்மெதின் அனுமதியோடு, அவருடைய பெயரிலேயே வெள்ளிக்கிழமைத் தொழுகை உரையான குத்பாவை ஓதி நாணயம் அடிப்பேன் என்று வாக்களித்துவிட்டுத்தான் மூசா சுலைமானை எதிர்க்க ஐரோப்பியப் பகுதிக்குக் கடந்தார் என்பது கதை. இதன்படி, பின்னர் மூசா தனித்து ஆண்டது வாக்குத் தவறியதாகும். மெஹ்மெத் அவரை அழித்தது நியாயமாகும். எதிர்னேயில் ஹிஜ்ரி 813இல் அடிக்கப்பட்ட வெள்ளிக் காசுகளிலோ பாயெசீத் மகன் மூசா என்ற பெயர்தான் இருக்கிறது. நகரைப் பிடித்தவுடனேயே அவர் தம் பெயரில் நாணயம் வெளியிட்டிருக்கிறார். மெஹ்மெதின் காசு ஒன்றும் இங்கே பேச வேண்டியது. பூர்சாவில் ஹிஜ்ரி 806இல், அதாவது 1403-04இல் அவர் வெளியிட்ட காசில் மேலரசராகத் தைமூரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. தந்தையைச் சிறைபிடித்தவனின் பெயரைத் தாங்கிய அந்தக் காசைப் பற்றி, மெஹ்மெதின் வீரச் செயல்களை நாள் தவறாமல் சொல்லும் ஏடு வாய் திறப்பதில்லை.

தோற்றவர்களில் சுலைமானுக்கு நேர்ந்தது மிகக் கடுமையானது. அவரை வரலாற்றேடுகள் சுல்தான் என்று சொல்லாமல், அதைவிடக் கீழான எமிர் என்ற பட்டத்தாலேயே குறிக்கின்றன. பல ஆண்டுகள் எதிர்னேயில் ஆண்டவர் அரசர் வரிசையில் இடம்பெறவில்லை. 1411 பிப்ரவரியில் மூசாவின் படை நகரை நெருங்கியபோது சுலைமான் குளிப்பறையில் மது விருந்தில் இருந்ததாகக் கதை. முதிய தளபதி எவ்ரெனோஸ் போய் எச்சரித்தால், மகிழ்ச்சியைக் கெடுக்க வேண்டாம் என்று அனுப்பிவிடுகிறார். சுல்தானின் நிலைக் காலாட்படையான ஜானிசரிகளின் தலைவர் ஹசன் உரத்துப் பேசினால், அவருடைய தாடியை மழித்துவிடச் சொல்கிறார். தாடி இழந்த தலைவர் வெளியே வந்து நேராக மூசாவிடம் போய்ச் சேர்கிறார். இந்தக் கதையில் ஓர் உண்மை இருக்கிறது: எல்லைப் பிரபுக்களும் ஜானிசரிகளும் கட்சி மாறியதால்தான் சுலைமான் வீழ்ந்தார். ஆனால் அவர்கள் ஏன் மாறினார்கள் என்பதற்கு, பைசந்தியரோடு அவர் கொண்டிருந்த சமாதானம் எல்லைப் பிரபுக்களின் கொள்ளை வருமானத்தை நிறுத்தியது என்ற விடையை மது விருந்து மறைத்துவிடுகிறது. தப்பியோடிய சுலைமானை ஒரு கிராமத்தார் கொன்றார்கள். அவர்கள் பரிசை எதிர்பார்த்திருக்கலாம். மூசாவோ, குடிமக்களுக்கு அரச இரத்தத்தின் மீது கை வைக்க உரிமையில்லை என்று சொல்லி அவர்களைக் குடும்பத்தோடு எரித்தார் என்று பைசந்திய வரலாற்றாசிரியர் தூகாஸ் எழுதுகிறார். அரச குடும்பத்தவனைக் கொல்லும் உரிமை அரச குடும்பத்துக்கு மட்டுமே உண்டு என்ற கொள்கையை இதைவிடக் கோரமாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை. 1413 ஜூலையில் சோபியா அருகே மூசாவும் பிடிபட்டுக் கழுத்து நெரிக்கப்பட்டார்.

தைமூரின் மகன் ஷாருக் இதைச் சும்மா விடவில்லை. சகோதரர்களைக் கொன்றது இல்ஹானிய (ஈரானை ஆண்ட மங்கோலிய அரசர்களின்) மரபுக்கு ஒவ்வாதது என்று 1416இல் அவர் மெஹ்மெதுக்கு எழுதியதாகவும், பத்து தர்வேஷ்கள் ஒரே விரிப்பில் உறங்கலாம், இரு அரசர்கள் ஒரே நாட்டில் அடங்க மாட்டார்கள் என்னும் பாரசீகக் கவிஞர் சஅதியின் பழமொழியை மெஹ்மெத் பதிலாக அனுப்பியதாகவும் பின்னாளில் தொகுக்கப்பட்ட அரசுக் கடிதத் தொகுப்பில் இருக்கிறது. ஷாருக் மேலரசர் என்ற தோரணையில் பேசியதே உதுமானியரை அதிகம் உறுத்தியிருக்க வேண்டும். இரண்டாம் முராதின் காலத்தில் யாஸிஜியோக்லு அலி தம் செல்ஜூக் வரலாற்றில், துருக்கியரின் தொன்ம முன்னோரான ஓகுஸ் கானின் மூத்த கிளையான காயி குலத்தோடு உஸ்மானை இணைத்தது இந்தப் பின்னணியில்தான். முராதின் நாணயங்களிலும் காயி குலச் சின்னம் தோன்றியது. வீட்டுக்குள் யார் அரசன் என்ற கேள்வியும், வெளியே அந்த வீட்டுக்கு என்ன தகுதி என்ற கேள்வியும் சேர்ந்தே விடை தேடின.

1421இல் முதலாம் மெஹ்மெத் எதிர்னேயில் இறந்தபோது, மூத்த மகன் முராத் அமாஸ்யாவில் இருந்தார். அவர் வந்து சேரும் வரை, ஏறத்தாழ 40 நாட்கள், அமைச்சர்கள் மரணத்தை மறைத்தார்கள். சந்தேகப்பட்ட படைவீரர்கள் சுல்தானைப் பார்த்தே தீருவோம் என்று நின்றதாகவும், சடலத்துக்கு உடுத்தி அமர்த்தி, பின்னால் ஒளிந்திருந்த ஒருவன் அதன் கையைத் தூக்கித் தாடியைத் தடவச் செய்ததாகவும், நோயாளியைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று மருத்துவர் கூச்சலிட்டு வீரர்களைக் கலைத்ததாகவும் ஏடுகள் சொல்கின்றன. நாடகத்தன்மை மிகுந்த கதைதான். ஆனால் கருவூலமும் ஜானிசரிகளும் இருக்கும் நகருக்கு முதலில் வந்து சேர்பவனே அரசன் என்ற நடைமுறை உண்மையை இந்தக் கதை விளங்க வைக்கும் அளவுக்கு எந்தச் சட்ட விளக்கமும் விளங்க வைக்காது. இவ்வளவு காத்தும், அங்காராவில் காணாமற்போன பாயெசீதின் மகன் முஸ்தபாவைப் பைசந்தியர் விடுவித்துவிட்டார்கள். அவர் எதிர்னேயைப் பிடித்தார், நாணயமும் அடித்தார். 1422இல் பிடிபட்டபோது, இளவரசர்களுக்குரிய முறையில் தனியிடத்தில் நாணால் நெரிக்கப்படாமல், ஊரறியத் தூக்கிலிடப்பட்டார். வரலாற்றேடுகள் அவரைப் போலி முஸ்தபா என்றே எழுதுகின்றன. இன்றைய ஆய்வாளர்களில் பலர் அவரை உண்மையான இளவரசராகவே கருதுகிறார்கள். போலி என்ற தீர்ப்பை ஏடுகள் பின்னர் எழுதிவைத்தன; தூக்குக் கயிறு அதை முன்பே அறிவித்துவிட்டது. முராதின் பதின்ம வயதுத் தம்பி, இன்னொரு முஸ்தபா, 1423இல் இஸ்னிக்கில் கொல்லப்பட்டபோது அவரைப் போலி என்று சொல்ல வழியில்லாததால், இளைய முஸ்தபா என்ற பெயரோடு விட்டுவிட்டார்கள்.

1451இல் இரண்டாம் மெஹ்மெத் அரியணை ஏறியவுடன் பால்குடி மாறாத தம்பி அகமதைக் கொல்லச் செய்தார். விரிவாக இதைச் சொல்பவரும் தூகாஸ்தான். தம் ஆட்சியின் இறுதியில் மெஹ்மெத் தொகுப்பித்த சட்டநூலில், என் மக்களில் எவனுக்கு ஆட்சி வாய்க்கிறதோ அவன் உலக ஒழுங்கின் பொருட்டுத் தன் சகோதரர்களைக் கொல்வது தகும், உலமாக்களில் (சமய அறிஞர்களில்) பெரும்பாலோர் இதை அனுமதித்திருக்கிறார்கள் என்ற கருத்தில் ஒரு விதி உண்டு. அந்த நூலின் பழைய படி 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதால், இது பின்னாளில் செருகப்பட்டது என்று வாதிட்டவர்கள் உண்டு. விதியின் வாசகத்தை வைத்து நடக்கும் இந்தச் சண்டை எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. அதில் கொல் என்ற கட்டளை இல்லை, யாரை அரசனாக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. வாய்த்தவனுக்கு அனுமதி மட்டுமே இருக்கிறது. ஆகவே 1389 முதல் நடந்துவந்ததை அது எழுத்தில் ஏற்றியது என்பதற்கு மேல் எதையும் மாற்றவில்லை. மெஹ்மெதின் மரணமே அதற்குச் சான்று.

1481 மே 3 அன்று, படையெடுப்புக்குப் புறப்பட்ட வழியில், கெப்ஸே அருகே அவர் இறந்தார். முதன்மை அமைச்சர் கரமானி மெஹ்மெத் பாஷா மரணத்தை மறைத்து, கொன்யாவில் இருந்த இளைய மகன் ஜெமுக்கும் அமாஸ்யாவில் இருந்த மூத்த மகன் பாயெசீதுக்கும் ஆள் அனுப்பினார். அவருடைய மனம் ஜெமின் பக்கம் இருந்தது. ஜெமுக்குச் சென்ற தூதனைப் பாயெசீதின் மருமகனான அனத்தோலிய ஆளுநர் வழியிலேயே பிடித்துவிட்டார். செய்தி கசிந்ததும் ஜானிசரிகள் தலைநகரில் புகுந்து கரமானியைக் கொன்றார்கள். பாயெசீத் வரும் வரை அவருடைய சிறு மகன் கொர்குதைப் பொம்மையாக அரியணையில் அமர்த்தினார்கள். ஜெம் பூர்சாவைப் பிடித்துத் தம் பெயரில் நாணயம் அடித்து, பெரிய அத்தையான செல்ஜூக் ஹாத்தூனை அனுப்பி, அனத்தோலியா எனக்கு, ஐரோப்பா உனக்கு என்று பாகம் கேட்டார். அரசர்களுக்கிடையே உறவுமுறை இல்லை என்பது பாயெசீதின் பதில்.

இந்தப் பின்னணியோடு ஆஷிக்பாஷாசாதேயை மறுபடி படிக்கும்போதுதான் அவருடைய கோபம் புரிகிறது. இரண்டாம் மெஹ்மெதின் இறுதி ஆண்டுகளில் 20,000க்கும் மேற்பட்ட கிராமங்களும் சொத்துகளும் வக்ஃபிலிருந்தும் தனியாரிடமிருந்தும் பறிக்கப்பட்டுப் படைமானியமாக்கப்பட்டன என்று அக்கால வரலாற்றாசிரியர் துர்சுன் பே எழுதுகிறார். தர்வேஷ்களும் பழைய குடும்பங்களும் இதில் அடிபட்டார்கள். பாயெசீத் ஆதரவு திரட்டும்போது பறித்ததைத் திருப்பித் தருவதாக வாக்களித்துத் தரவும் செய்தார். கரமானியை ஆஷிக்பாஷாசாதே திட்டும் இடங்களில் ஒரு பறிகொடுத்தவனின் குரல் வெளிப்படையாகவே கேட்கிறது. இஸ்தான்புல் வீடுகளுக்கு வாடகை விதித்த இன்னொரு அமைச்சரையும் அவர் விட்டுவைக்கவில்லை, அவருக்கே அந்நகரில் வீடுகள் இருந்தன. உஸ்மானிடம் பொன்னும் வெள்ளியும் இல்லை என்ற அந்த மரணக் காட்சி, சகோதரர்களுக்கு மட்டுமின்றிக் கருவூலத்துக்கும் சொல்லப்பட்ட பதில்.

ஜெம் 1482இல் ரோட்ஸ் தீவை ஆண்ட கிறிஸ்தவ மாவீரர் சபையிடம் அடைக்கலம் புகுந்தார். அங்கிருந்து பிரான்ஸ், 1489இல் ரோம், 1495 பிப்ரவரியில் நேப்பிள்ஸில் மரணம். அவரைத் திரும்ப அனுப்பாமல் வைத்திருப்பதற்கு ஆண்டுக்கு 40,000 டுகாட் பொற்காசுகளுக்கும் குறையாமல் பாயெசீத் செலுத்திவந்தார். நெஷ்ரியின் ஏடு உருவானது இந்த ஆண்டுகளில்தான். பிறகு இத்ரீஸ் பித்லிஸியிடம் பாரசீகத்திலும் கெமால்பாஷாசாதேயிடம் துருக்கிய மொழியிலும் முழு மரபின் வரலாற்றை எழுதச் சொன்னார் சுல்தான். தன் சகோதரன் போப்பரசரின் விருந்தாளியாக இருந்ததைக் கண்ட ஓர் அரசர், எட்டுத் தலைமுறையாக எப்போதும் ஒருவர் மட்டுமே ஆண்டார் என்று காட்டும் நூல்களைக் கேட்டதில் வியப்பில்லை. மறுபக்கத்திலும் எழுத்து நிற்கவில்லை. ஜெம் மக்காவுக்குப் புனிதப் பயணம் போயிருந்த 1481-82இல் அவருக்காக பயாத்தி ஹசன் என்பவர் ஓகுஸ் கானில் தொடங்கும் உதுமானிய வம்சாவளி ஒன்றை எழுதிக்கொடுத்தார். நாட்டை இழந்த இளவரசனும் தன் பெயரை அந்த வரிசையின் இறுதியில் காண விரும்பினான். அவரோடு ஐரோப்பாவில் அலைந்த தோழர்களில் ஒருவர், ஜெம் இறந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நாட்களைத் துருக்கிய மொழியில் எழுதிவைத்தார். தோற்ற தரப்பிலிருந்து இவ்வளவு விரிவாக நமக்குக் கிடைக்கும் முதல் உதுமானிய இளவரசரின் கதை அதுவே. சுலைமானுக்கும் மூசாவுக்கும் அப்படியொருவர் வாய்க்கவில்லை.